இன்றைக்கு வெங்காயம் கொஞ்சம் ஈரம்

மே 15, திங்கள்

கடைசி செமஸ்டர் முடிவு வந்தது. தேறிவிட்டேன். பி.காம். அப்பா வீட்டுப் பக்கம், அம்மா வீட்டுப் பக்கம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அம்மா கேசரி கிண்டினார். அப்பா வெங்காய மண்டியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

சாயங்காலம் நடேசன் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். கரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஊரில் யார் எந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தாலும் சான்றிதழ் நகல் அவரிடம்தான் எடுக்கிறார்கள். அதனால் எல்லாப் படிப்பைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து உண்டு.

"அடுத்து என்ன பண்றதா உத்தேசம் வினோதினி?" என்றார். கேசரி இன்னும் ஆறவில்லை.

நான் கேசரியை ஊதினேன்.

"பி.எட். போட்ரு. பேசாத புள்ளைக்கு அதுதான் சரி."

பி.எட். முடித்தால் வகுப்பில் பேச வேண்டியிருக்கும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

மே 18, வியாழன்

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி. எம்.பி.ஏ., மார்க்கெட்டிங் அண்ட் டெக்னாலஜி. இரண்டு வருடம். பாடத்திட்டத்தை ஃபோனில் மூன்று முறை படித்தேன். ஒருவர் ஒரு பொருளை ஏன் வாங்குகிறார், வாங்கியவர் ஏன் திரும்ப வருவதில்லை, இதையெல்லாம் கம்ப்யூட்டர் வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லித் தருவார்களாம். எனக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மே 19, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னார்.

"மார்க்கெட்டிங், டெக்னாலஜி. ரெண்டு படிப்பா, ஒண்ணா?" என்றார் அப்பா.

"ஒண்ணுதாம்ப்பா."

"அப்பறம் எதுக்குக் கண்ணு ரெண்டு பேரு?"

எனக்குத் தெரியவில்லை.

"மார்க்கெட்டிங்னா வாய் வேணும். உனக்குப் பஸ்ஸ நிறுத்தச் சொல்லவே வாய் வராது."

இது உண்மை. கண்டக்டரிடம் நம் நிறுத்தத்தைச் சொல்ல எனக்குக் கூச்சம். வேறு யாராவது இறங்கினால் இறங்குவேன். இல்லையென்றால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப நடப்பேன். பி.காம். இரண்டாம் வருடத்தில் வருகை குறைவு என்று வீட்டுக்கு ஆள் விட்டார்கள். நான் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. பெயர் கூப்பிட்டபோது "உள்ளேன்" என்றுதான் சொன்னேன். அது முதல் வரிசை வரை போகவில்லை.

"கோயம்புத்தூர் தண்ணி வேற ஒத்துக்காது" என்றார் அப்பா.

"சிறுவாணித் தண்ணி ஒத்துக்காம போன ஒரே ஆளு உங்க புள்ளையாத்தான் இருப்பா" என்றார் அம்மா.

மே 22, திங்கள்

அப்பாவின் வேலை பற்றி இங்கே எழுதியதில்லை. எங்களிடம் ஒரு குட்டி யானை இருக்கிறது. சின்ன வேன். அப்பா விடியற்காலை மண்டியில் பெரிய வெங்காயம் எடுத்து, பசுபதிபாளையம், காந்திகிராமம் பக்கம் தெருத் தெருவாக விற்பார். மேலே ஸ்பீக்கர். போன வருடம் அப்பாவுக்குத் தொண்டை கட்டி ஒரு வாரம் குரல் வரவில்லை. அப்போது என்னைப் பேசச் சொல்லிப் பதிவு செய்து பென்டிரைவில் ஏற்றினார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். உள்ளே வெங்காயம் மட்டும்தான் இருந்தது. அதனால் முடிந்தது.

"வாங்கம்மா வாங்க. நாசிக் பெரிய வெங்காயம். நாலு கிலோ நூறு ரூபாய். பையை எடுத்துக்கிட்டு வெளிய வாங்க."

கடைசியில் ஒரு குக்கர் விசிலும் விழுந்துவிட்டது. மறுபடி பேசட்டுமா என்று கேட்டேன். "பரவால்ல கண்ணு, அப்படியே இருக்கட்டும்" என்றார். தொண்டை சரியான பிறகும் அதுதான் ஓடுகிறது. விலை மாறும்போது மட்டும் "நாலு கிலோ" என்று நான் சொல்வேன், "எம்பது" என்று அப்பா கரகரப்பாகக் குறுக்கே வருவார், "ரூபாய்" என்று நான் முடிப்பேன். பிறகு ஃபோனிலேயே வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டேன்.

அது என் குரல் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. நல்லது.

மே 27, சனி

மாமா கடையில் விண்ணப்பம் போட்டோம். கடைசி நாள் ஜூன் 10 என்றாலும், "கடைசி நாள்ல சர்வர் படுத்துக்கும்" என்றார் மாமா. பி.எட்.டுக்கும் சேர்த்துப் போட்டார். எம்.பி.ஏ. பாடத்திட்டத்தைப் படித்துவிட்டு, "இதுல ரெண்டு இருக்குது. ஒண்ணு வரலைன்னா இன்னொண்ணுல ஒட்டிக்கலாம்" என்றார். படிப்பைப் பற்றி இதுவரை யாரும் சொன்னதில் இதுதான் நல்ல வார்த்தை. கடனுக்கு வங்கியில் அவரே பேசுவதாகவும் சொன்னார். வங்கிக்காரர்களும் அங்கேதான் ஜெராக்ஸ் எடுக்கிறார்களாம்.

அப்பா கடையிலிருந்த காகிதக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். குழு விவாதம், நேர்காணல் இரண்டும் உண்டு என்று மாமா படித்துக் காட்டியபோது மட்டும், "அங்க பேசோணுமா?" என்றார்.

"பின்னே? பேசித்தான் எடம்."

"சரி, போட்டுப் பாக்கட்டும்."

இன்று அப்பாவுக்கு நல்ல பசி. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மே 29, திங்கள்

துணி துவைத்தேன். மழை வந்தது. மறுபடி துவைத்தேன்.

ஜூன் 1, வியாழன்

அப்பா பாதிச் சரக்கோடு திரும்பி வந்தார். பசுபதிபாளையத்தில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். வாராவாரம் வாங்குபவர். இன்று வண்டியை நிறுத்தி எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார்.

"ஏனுங்க குழந்தைவேலு, நேத்து அஞ்சு கிலோ குடுத்தீங்களே, பாதிக்குப் பாதி அழுகலு. இத்தன நாளு பழகிப்போட்டு இப்படிப் பண்ணலாமா?"

"நேத்து நான் இந்தப் பக்கமே வரலீங்களே."

"வரலையா? குரலக் கேட்டுத்தானுங்க பையத் தூக்கிட்டு வந்தேன். கடைசியில அந்தக் குக்கர் விசில்கூட வந்துச்சே!"

"வண்டியில இருந்தது நானுங்களா?"

"நான் என்னத்துக்கு ஆளைப் பாக்கறேன்? வெங்காயத்தத்தான் பாத்தேன். அதையும் சரியாப் பாக்கல."

அந்தத் தெருவில் இன்று யாரும் வாங்கவில்லை. அடுத்த தெருவிலும். அப்பா சாப்பிடும்போது இதை மூன்று முறை சொன்னார். நான் ரசம் ஊற்றினேன்.

ஜூன் 2, வெள்ளி

தையல் கடைக்குப் போகும் வழியில் என் குரலைக் கேட்டேன். அப்பாவாக இருக்கும் என்று ஒதுங்கி நின்றேன். வந்தது வேறு வண்டி. லாலாபேட்டையிலிருந்து வரும் செல்லமுத்து என்பவருடையது. குக்கர் விசிலும் இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர், "வெங்காயம் வேணுமா பாப்பா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

பின்னால் இன்னொரு வண்டி. அதிலும் நான்.

ஜூன் 3, சனி

மாமாதான்.

அப்பா ஒரு முறை பென்டிரைவை அவர் கடையில் மறந்து வைத்துவிட்டு வந்தாராம். யாரோ கேட்டார்களாம். கேட்டவர்களுக்கெல்லாம் மாமா ஏற்றிக் கொடுத்திருக்கிறார்.

"எதுக்கு மச்சான் குடுத்தீங்க?" என்றார் அப்பா.

"கேட்டாங்க, குடுத்தேன். நகல் எடுத்துக் குடுக்கறதுதானே நம்ம தொழிலு? உங்க பென்டிரைவு உங்ககிட்டத்தான இருக்குது. எதாச்சும் கொறஞ்சுதா?"

அப்பா சட்டைப் பையில் பென்டிரைவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"புள்ள குரலு நல்லாருக்குதுன்னு அத்தன பேரும் சொல்றாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு" என்றார் மாமா. அவர் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. கடையில் இங்க் வாசனை அதிகம்.

ஜூன் 5, திங்கள்

இன்றும் பாதிச் சரக்கு. பழைய குரலை நிறுத்திவிட்டுத் தானே கத்தப் போவதாக அப்பா சொன்னார். இரண்டு நாளில் தொண்டை போய்விடும் என்றார் அம்மா.

நகல் எடுக்க முடியாத மாதிரி ஒரு குரல் வேண்டும். அப்படி ஒன்று கிடையாது. ஆனால் தேதி போட்ட பால் பாக்கெட்டை யாரும் நகல் எடுப்பதில்லை. எடுத்தாலும் நாளைக்குப் பயன்படாது.

ஜூன் 6, செவ்வாய்

அப்பா மண்டியிலிருந்து வந்ததும் மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன்.

"இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. குழந்தைவேல் வண்டி. இன்னிக்கு வெங்காயம் கொஞ்சம் ஈரம். காத்தாட பரப்பி வைங்க, நாலு நாள்ல செலவு பண்ணிருங்க. அதனால அஞ்சு கிலோ நூறு ரூபாய்."

அப்பா கேட்டுவிட்டு வண்டிச் சாவியைக் கீழே வைத்தார்.

"ஈரம்னு நாமளே சொன்னா எவன் வாங்குவான்?"

"யாரும் வாங்கலைன்னா நாளைக்கு மாத்திக்கலாம்ப்பா. எப்படியும் நாளைக்கு மாத்தித்தான் ஆகணும். நாளைக்குப் புதன்கிழமை."

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிட்டார். வண்டியில் தோல் மட்டும்தான் இருந்தது. டீச்சரம்மா குரலைக் கேட்டு வெளியே வந்து, "இவரு நெசமான குழந்தைவேலு" என்று தெருவில் சொன்னாராம். முகூர்த்த நாளாகவும் இருக்கலாம். நாட்காட்டியைப் பார்த்தேன். இல்லை.

ஜூன் 9, வெள்ளி

அப்பா வாசலிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தார். செல்லமுத்து எங்கிருந்தோ செவ்வாய்க்கிழமைக் குரலைப் பிடித்து இன்று ஓட்டியிருக்கிறார். பள்ளிக்கூடம் திறக்காததால் பிள்ளைகள் எல்லாம் தெருவில்.

"அண்ணோவ், இன்னிக்கு வெள்ளிக்கிழம!" என்று கத்தியிருக்கிறார்கள்.

டீச்சரம்மா, "குழந்தைவேல் வண்டின்னு சொல்லுது. குழந்தைவேலு எங்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். செல்லமுத்து யோசித்து, "லீவுங்க" என்றாராம்.

சாயங்காலம் மாமா ஃபோன் செய்தார். செல்லமுத்து அவர் கடைக்கு வந்து, கிழமை சொல்லாத குரல் ஏதாவது இருந்தால் ஏற்றித் தரச் சொன்னாராம். செய்து தருவாயா என்று மாமா என்னைக் கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

கோயம்புத்தூரிலிருந்து மெயில். 17ஆம் தேதி நேர்காணல்.

ஜூன் 12, திங்கள்

அப்பாவுடன் வண்டியில் போனேன். தினமும் பேச வேண்டும் என்றால் சத்தம் எப்படிக் கேட்கிறது என்று தெரிய வேண்டுமே. முன் சீட்டில் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். சத்தம் சரியாகத்தான் இருக்கிறது. அப்பா வண்டியில் பாட்டுப் போடுவதில்லை. என் குரல் "வாங்கம்மா வாங்க" என்னும் ஒவ்வொரு முறையும் அப்பாவின் தலை மெல்ல ஆடியது. பசுபதிபாளையம் ரோடு சரியில்லை.

திரும்பும்போது கேட்டார்.

"எடம் கெடச்சா ஹாஸ்டல்ல தங்கோணுமா?"

"ஆமாப்பா."

"பி.எட்.னா இங்கயே போய்ட்டு வந்தர்லாம்."

"ஆமாப்பா."

அதன் பிறகு வீடு வரும் வரை ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டார். எங்கள் தெருவிலேயே வெங்காயம் கூவிக்கொண்டு வந்தோம். விற்க ஒன்றும் இல்லை.

ஜூன் 17, சனி

கோயம்புத்தூர். அப்பாவும் வந்தார். கல்லூரி வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

குழு விவாதத்தில் எட்டுப் பேர். தலைப்பு: விளம்பரம் உண்மையைத்தான் சொல்ல வேண்டுமா? ரிஷ்வந்த் என்று ஒரு பையன் இங்கிலீஷில் ஆரம்பித்தான். நிறுத்தியதாக நினைவில்லை. எல்லோரும் பேசினார்கள். நான் மேஜையைப் பார்த்தேன். நல்ல மேஜை. கடைசியில் நடத்துபவர் என்னைக் காட்டி, "நீங்க?" என்றார்.

"குறையை நாமே முதல்ல சொல்லிட்டா, மீதியை நம்புவாங்க" என்றேன்.

"இன்னும் ஏதாவது?"

"இல்லைங்க."

ஒரே ஒரு வாக்கியம். அவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டது. நேர்காணலுக்குச் சும்மா போனேன். இரண்டு ஆண்கள், ஒரு பெண். டீ வைத்திருந்தார்கள்.

"மார்க்கெட்டிங்ல முன் அனுபவம் ஏதாவது இருக்கா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்லைங்க மேடம்."

"டெக்னாலஜி?"

"இல்லைங்க. ஃபோன்ல ஆடியோ வெட்டி ஒட்டத் தெரியும்."

"எதுக்கு வெட்டுவீங்க?"

"விலை மாறும்போது."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என்ன விலை என்று கேட்டார்கள். சொன்னேன். யார் நகல் எடுத்தது என்று கேட்டார்கள். மாமா பெயரைச் சொல்லவில்லை, மற்றதைச் சொன்னேன். பிறகு என்ன ஆச்சு, பிறகு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த அம்மா ஒரு காகிதத்தில் "வெள்ளிக்கிழமை" என்று எழுதி அடிக்கோடு போட்டார். டீ அப்படியே ஆறிப்போயிருந்தது. சர்க்கரை அதிகம் போட்டிருப்பார்கள்.

வெளியே வந்தபோது எனக்குப் பின்னால் காத்திருந்தவர்கள் என்னைக் கோபமாகப் பார்த்தார்கள்.

"பேசுனியா?" என்றார் அப்பா.

"கொஞ்சம்."

"உள்ள அவ்ளோ நேரம் என்ன பண்ணுனே?"

"டீ வந்துச்சுப்பா."

பஸ்ஸில் அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பல்லடம் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜூன் 24, சனி

இடம் கிடைத்துவிட்டது.

அன்று வந்தவர்களைவிடக் கல்லூரியில் இடங்கள் அதிகம் என்று, நேர்காணலுக்கு வந்தவர்களின் வாட்ஸப் குரூப்பில் ரிஷ்வந்த் எழுதியிருந்தான். அதுதான் காரணமாக இருக்கும். ஆனால் அவனைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அது ஏன் என்று தெரியவில்லை.

அம்மா கேசரிக்கு ரவை எடுத்தார். அப்பா, "ம்" என்றார். பிறகு வண்டியைக் கழுவப் போனார். காலையில்தான் கழுவினார்.

ஜூன் 25, ஞாயிறு

அப்பா சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "போன மாசம் ஒரு நாளு ஸ்பீக்கரு ரிப்பேராப் போச்சு. பாதியிலயே வூட்டுக்கு வந்துட்டாரு. யாவாரம் இல்லியான்னேன். யாவாரம் நல்லாத்தான் இருக்குது, வண்டிதான் வெறிச்சுனு இருக்குதுன்னாரு."

"வெங்காயம் வித்துப் போச்சுன்னா வண்டி காலியாத்தானேம்மா இருக்கும்."

அம்மா என்னைப் பார்த்தார். கண்ணில் நீர். வெங்காயம் காரமாக இருந்தது.

ஜூன் 26, திங்கள்

பி.எட். கல்லூரியிலிருந்தும் கூப்பிட்டார்கள். இங்கிருந்து ஒரே பஸ். மாமா இரண்டு கல்லூரித் தாள்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எதுன்னாலும் நாளைக்குள்ள பணம் கட்டோணும்" என்றார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு" என்றார்.

இதை அவர் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. சமையலறைக் கதவு திறந்திருந்தது. மாமா இருந்தார், அம்மா இருந்தார், தண்ணீர் கேன் போட வந்தவரும் நின்றிருந்தார்.

"கோயம்புத்தூர்" என்றேன்.

"கேக்கல" என்றார் மாமா.

"கோயம்புத்தூர். ரெண்டு பேரு இருக்கற படிப்பு."

தண்ணீர் கேன்காரர், "நல்ல ஊருங்க" என்றார்.

அப்பா கொஞ்ச நேரம் தன் ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மாமாவைக் கேட்டார். "மச்சான், அந்த ஹாஸ்டல்ல காலைல சிக்னல் கெடைக்குமா?"

ஜூன் 30, வெள்ளி

அப்பாவுக்கு வாட்ஸப்பில் வந்த குரலைப் பென்டிரைவுக்கு ஏற்றக் கற்றுக் கொடுத்தேன். முதல் தடவை என் குரலை மண்டிக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டார். எல்லோரும் கட்டைவிரல் அனுப்பினார்கள்.

ஜூலை 9, ஞாயிறு

ஹாஸ்டல். அறையில் மூன்று பேர். மற்ற இருவரும் நன்றாகப் பேசுகிறார்கள். நான் பெட்டியை அடுக்கினேன்.

ஜூலை 10, திங்கள்

அறிமுக நாள். மண்டிக்கு இன்று விடுமுறை. நான் யாரிடமும் பேசவில்லை. நாள் நன்றாகப் போனது.

ஜூலை 11, செவ்வாய்

விடிவதற்கு முன் அப்பா மண்டியிலிருந்து கூப்பிட்டார்.

"நல்ல சரக்கு கண்ணு. தோலு காஞ்சிருக்குது. சைஸுதான் சின்னது."

அறையில் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குளியலறையில் வரிசை. மொட்டை மாடிக்குப் போனேன். கொடியில் துணிகள், தண்ணீர்த் தொட்டி, யாரும் இல்லை. இங்கே கதவு கிடையாது. மெதுவாகப் பேசினேன். போட்டுக் கேட்டால் காற்றுச் சத்தம்தான் இருந்தது. வண்டி கிளம்பும் நேரம். அதனால் சத்தமாகப் பேசினேன்.

"இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. குழந்தைவேல் வண்டி. வாங்கம்மா வாங்க. இன்னிக்கு வெங்காயம் சைஸ் சின்னது, தோல் நல்லா காஞ்சிருக்கு, பத்து நாள் தாங்கும்."

எதிர் பிளாக்கில் ஜன்னல் ஒன்று திறந்தது. பிறகு இன்னொன்று. யாரோ ஒரு பெண் தலையை நீட்டி, "அக்கா, கிலோ எவ்ளோ?" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கீழே ஓடிவிடலாம். படி பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் விலை இன்னும் சொல்லவில்லை. விலை இல்லாமல் அனுப்ப முடியாது.

"நாலு கிலோ நூறு ரூபாய்!" என்றேன். "பையை எடுத்துக்கிட்டு வெளிய வாங்க!"

கை தட்டினார்கள். அதுவும் பதிவாகிவிட்டது. மறுபடி பேசி அனுப்பட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"பரவால்ல கண்ணு, அப்படியே இருக்கட்டும்."

வகுப்பில் பெயர் கூப்பிட்டார்கள். என் பெயர் வந்தபோது "உள்ளேன்" என்று ஒரு முறைதான் சொன்னேன்.

சாயங்காலம் அம்மா ஃபோன் செய்தார். அந்தக் "கிலோ எவ்ளோ" யார் என்று டீச்சரம்மா கேட்டாராம். அப்பா இன்று அம்மாவையும் வண்டியில் கூட்டிப் போனாராம்.

"உன் குரலு வர்றப்பல்லாம் தலைய ஆட்டிக்கிட்டே ஓட்டறாருடி. அத்தன தெருவுலயும்."

பசுபதிபாளையம் ரோட்டை இன்னும் போடவில்லை போலிருக்கிறது.